சந்தா கட்ட அவசரம் வேண்டாம்
ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற ஆன்லைன் விளையாட்டுக்குப் புதிதாக வருபவர்கள் முதல் நாளே சந்தா கட்டிவிடலாம் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. தயவுசெய்து பொறுங்கள். இலவசப் பதிப்பிலேயே 70-ஆம் லெவல் வரை போகலாம், நாள் கெடுவும் கிடையாது. பணம் கட்டி முழு விளையாட்டுக்கு மாறிவிட்டால், அந்தக் கணக்கில் திரும்ப இலவசத்துக்கு வர முடியாது. இலவசத்தில், ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பொருள் வாங்கி விற்கும் சந்தைப் பலகையைப் பயன்படுத்த முடியாதுதான். ஆரம்பத்தில் அது ஒரு குறையே இல்லை.

அப்புறம், எந்த ஜாப் (கதாபாத்திரத்தின் சண்டை வகை) எடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். ஒரே கதாபாத்திரத்தில் எல்லாவற்றையும் கற்கலாம். குழுவாகச் சென்று எதிரிகளோடு மோதும் டஞ்சனுக்குள் முதல்முறை நுழைகிறீர்களா? சாட்டில் ‘நான் புதுசு’ என்று சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் பொறுமையாகவே சொல்லித் தருவார்கள். எதிரிகளின் அடியைத் தாங்கும் ஆட்டக்காரரான டேங்குக்கு முன்னால் ஓடாதீர்கள். தரையில் ஆரஞ்சு நிற வட்டம் தெரிந்தால், அடிப்பதை விட்டுவிட்டு முதலில் விலகுங்கள்.