ஸ்ட்ரெச்சர் திரும்பாத படிக்கட்டு

என் மகள் பாராமெடிக்கல் படித்தது ஒரு வணிக வளாகத்தின் மூன்றாவது மாடியில். கீழே செருப்புக்கடை, நடுவில் சீட்டுக் கம்பெனி, அதற்கு மேல் கல்லூரி. ஸ்ட்ரெச்சரில் நோயாளியை இறக்கும் பயிற்சியன்று, படி திரும்புகிற இடத்தில் ஸ்ட்ரெச்சர் சுவரில் முட்டி நின்றுவிட்டது. நோயாளியாகப் படுத்திருந்த பெண் எழுந்து நடந்தே இறங்கினாளாம். "நிஜமான நோயாளின்னா என்னப்பா பண்ணுவோம்?" என்று அன்றிரவு மகள் கேட்டாள்.

அதனால் புதுச்சேரியில் பழைய வணிகக் கட்டிடங்களைச் சுகாதார அறிவியல் பல்கலைக்கழகமாக மாற்றலாம் என்று யார் சொன்னாலும், முதலில் படிக்கட்டைக் காட்டுங்கள் என்பேன். போர்டை மாற்றினால் கல்லூரி ஆகிவிடாது. உடல் பாகங்களைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தின் நெடி வெளியேற வழி வேண்டும், ஆய்வகக் கழிவுநீர் தெருச் சாக்கடையில் கலக்கக் கூடாது, லிஃப்டில் கட்டில் நுழைய வேண்டும். கடை வாடகைக்காகக் கட்டிய இடத்தில் இதெல்லாம் லேசில் நடக்காது.

ஆனால் பழைய மில் வேறு. முதலியார்பேட்டை ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ ஃப்ரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ்) துணி மில் 1898-இல் தொடங்கியது. என் அப்பா அங்கே தறியில் நின்றவர். அந்தக் காலத்துத் தறிக்கூடங்களுக்கு ரம்பப் பல் போலக் கூரை போட்டு, கண்ணாடியை வடக்குப் பார்த்து வைப்பார்கள். வெளிச்சம் வரும், வெயில் விழாது. அறுந்த இழை கண்ணில் படுவதற்காகச் செய்த ஏற்பாடு. ஆய்வக மேசைக்கு அதைவிட நல்ல வெளிச்சம் ஏது? தரைத்தளம், உயரமான கூரை, கடலூர் சாலையிலேயே வாசல். ஆம்புலன்ஸே உள்ளே வந்து திரும்பலாம்.

செலவு ஆகும்தான். ஆஸ்பெஸ்டாஸ் ஓடு எங்கே இருந்தாலும் நொறுக்காமல், நனைத்துக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு தூணையும் இன்ஜினியர் தட்டிப் பார்க்க வேண்டும். 2011 டிசம்பரில் 'தானே' புயல் அந்த மில்லைப் பதம் பார்த்தது, 2020-இல் மூடியே விட்டார்கள். கடற்கரையில் மேரி என்ற பழைய நகராட்சிக் கட்டிடம் 2014 மழையில் சரிந்ததைப் பார்த்த ஊர் இது. இன்னும் எத்தனை மழை காத்திருப்பது?

1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளி நகரத்துக்குள்தான் நடந்தது. பிற்பாடு ஊருக்கு வெளியே கோரிமேட்டுக்குப் போய், ஜிப்மர் மருத்துவமனை ஆனது. மறுபடி ஊருக்குள் ஒரு வளாகம் வரட்டும்.

அப்பாவுக்குக் கடைசிவரை இருமல். பஞ்சுத்தூசி நெஞ்சில் தங்கிவிட்டது. அங்கே ஒரு பல்கலைக்கழகம் வந்தால், மூச்சுச் சிகிச்சை சொல்லிக்கொடுக்கும் வகுப்பு தறிக்கூடத்தில்தான் நடக்க வேண்டும். மில் தொழிலாளர் வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு அதில் இடம் ஒதுக்க வேண்டும்.