செடிகளிலும் ஆர்.என்.ஏ. மடிப்பு வேலை செய்கிறது

"ஆர்.என்.ஏ. மடிந்து ஸ்விட்ச் ஆவதெல்லாம் பாக்டீரியாவில் மட்டும், செடியில் எல்லாம் புரதத்தின் வேலை" என்று ஒருவர் எழுதியிருந்தார்; அதற்கான பதில் இது. ஆர்.என்.ஏ. என்பது புரதம் செய்வதற்கான குறிப்பை மரபணுவிலிருந்து கொண்டுசெல்லும் நகல்; அது தானே மடிந்து அந்த உற்பத்தியைக் கூட்டுவதையோ குறைப்பதையோதான் ஸ்விட்ச் என்கிறோம். 2002-இல் முதலில் பாக்டீரியாவில் தெரியவந்தது என்பது சரி. செடியில் இல்லை என்பது 2007-லேயே பழங்கதையாகிவிட்டது.

ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் வைட்டமின் பி1 தயாரிப்புக்கு உதவும் டி.எச்.ஐ.சி. மரபணுவைப் பாருங்கள். அதன் ஆர்.என்.ஏ.வின் வால்பகுதியில் ஒரு மடிப்பு இருக்கிறது. பி1-இன் செயல்வடிவமான டி.பி.பி. குறைவாக இருக்கும்போது, அந்த மடிப்பின் ஒரு துண்டு அருகிலுள்ள வெட்டுமிடத்தோடு (ஆர்.என்.ஏ. வெட்டி ஒட்டப்படும் இடம்) இணைந்து அதை மறைத்துக்கொள்கிறது. ஆர்.என்.ஏ. குட்டை வாலோடு நிலைக்கிறது, நொதி உற்பத்தியாகிறது. டி.பி.பி. பெருகினால் அதுவே நேராக மடிப்புக்குள் போய் உட்கார்கிறது. வெட்டுமிடம் வெளிப்படுகிறது, வால் மாற்றி ஒட்டப்பட்டு நீள்கிறது, ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதைகிறது. வெட்டி ஒட்டுவதில் புரதங்களுக்குப் பங்கு உண்டுதான், ஆனால் டி.பி.பி.யை உணர்வது மடிப்பே.

வெப்பத்துக்கும் இப்படி ஒன்று உண்டு: செடியின் வளர்ச்சியைத் தூண்டும் பி.ஐ.எஃப்.7 என்ற புரதத்துக்கான ஆர்.என்.ஏ.வின் முன்பகுதியிலுள்ள கொண்டை ஊசி மடிப்பு, பகல் வெப்பம் கூடும்போது வடிவம் மாறிப் புரத உற்பத்தியைக் கூட்டுகிறது. 2020-இல் வெளிவந்த ஆய்வு இது.

சிறு மூலக்கூறை உணரும் வகையில் செடிகளில் நன்கு நிறுவப்பட்டது டி.பி.பி. ஒன்றுதான். "செடியில் அரிது" என்று அவர் எழுதியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.