பெற்றோர் கூட்டத்தில் பயிற்சி ஆசிரியர்

பி.எட். இரண்டு வருடப் படிப்பாக மாறியது 2015-ல். அதில் 20 வாரம் பயிற்சி ஆசிரியராகப் பள்ளியில் இருக்க வேண்டும். பாடக் குறிப்பு, சார்ட், ரெக்கார்டு நோட்டு, எல்லாவற்றுக்கும் பள்ளி ஆசிரியர்களான நம்மிடம் கையெழுத்து வாங்குவார்கள். பெற்றோர் கூட்டம் என்றால் மட்டும் டீ கொடுக்கும் வேலைதான்.

இந்த முறை ஒன்பதாம் வகுப்புக் கூட்டத்தில் அவர்களில் இரண்டு பேரை என் பக்கத்திலேயே உட்கார வைத்தேன். ஒருவர் டவுன் பெண், ஆங்கில மீடியம், அப்பா வங்கி வேலை. இன்னொருவர் ஒரு தம்பி, அவர் வீட்டில் முதல் பட்டதாரி, அம்மா இன்றைக்கும் நூறு நாள் வேலைக்குப் போகிறவர். தம்பிதான் பெற்றோரிடம் பதமாகப் பேசுவார் என்று நான் நினைத்தேன், நடந்தது நேர்மாறு.

பையன் புத்தகத்தையே தொடுவதில்லை என்றார் ஒரு அம்மா. "எங்கம்மாவும் உங்கள மாதிரிதாங்க, நான் படிக்கலையா? நீங்க கொஞ்சம் கவனிக்கணும்" என்று தம்பி படபடவென்று சொல்லிவிட, அந்த அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டு தலை குனிந்துவிட்டார். டவுன் பெண்ணுக்கு அந்த வீடு எப்படி இருக்கும் என்றே தெரியாது. தெரியாததால்தான் கேட்டார்: "எத்தனை மணிக்குக்கா வேலைக்குப் போவீங்க?" விடிகாலை நாலு மணிக்கு மல்லி பறிக்கப் போய்விடுவாராம், தங்கச்சிக்குச் சோறாக்கி அனுப்புவது பையன்தானாம்.

அதே பெண் அடுத்து வந்த அப்பாவிடம் "கான்சன்ட்ரேஷன் இல்லங்க" என்று ஆரம்பித்து அவரை மிரள வைத்தது வேறு கதை.

அப்புறம் ஒரு பெரியவர் தம்பியிடம் கேட்டார், "எந்த ஊரு? ஊருக்குள்ளயா, அந்தப் பக்கமா?" நம்மூரில் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. தம்பி பஸ் ஸ்டாப் பெயரைச் சொல்லிச் சமாளித்தார், அதற்குப் பிறகு கூட்டம் முடியும்வரை வாயே திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த நானும் பெரியவரை ஒன்றும் கேட்கவில்லை, அது என் தப்பு.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். ஆனால் கூட்டத்தன்று அவர்கள் முழங்கால் இடிக்கப் பிள்ளைகளின் பெஞ்சில்தான் உட்காருகிறார்கள்.

சாயங்காலம் தம்பியிடம் பேசினேன். அவர் எட்டாவது படிக்கும்போது அவர் அம்மாவை வகுப்பு வாசலிலேயே நிற்க வைத்துத் திட்டினார்களாம். "அந்த டீச்சர் மாதிரியே பேசிட்டேன் சார்" என்றார்.

பி.எட். கல்லூரியில் நுண்நிலைக் கற்பித்தலுக்கு, அதாவது சின்னச் சின்னதாகப் பாடம் நடத்திப் பழகுவதற்கு, ஒருவருக்கொருவர் மாணவராக நடிக்கிறார்களே, ஒரு நாள் பெற்றோராக நடித்தால் என்ன? ரெக்கார்டில் இதற்கெல்லாம் பக்கம் கிடையாது. கடைசியில் காலியாகக் கிடந்த தாளில் அன்றைக்கு நடந்ததை இரண்டு பேரையும் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கல்லூரியில் கிழிக்கச் சொல்லாமல் இருந்தால் சரி.