பச்சைப் புள்ளி எரியுது, வொர்க்கர் செத்துக் கெடக்கு

தை முகூர்த்தம். பனியில வரத்து சுருங்கி மல்லி கிலோ ஆயிரக்கணக்குல நிக்குது. காலை ஆறரைக்கு மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல இருந்து போன். என் மென்பொருளை வச்சு விவசாயிகளுக்கு சிட்டையை, அதாவது பூ வித்த கணக்கை, மெசேஜ்ல அனுப்புற கமிஷன் கடைக்காரர்.

"தம்பி, என்னத்தய்யா பண்ணி வச்சிருக்க? உசிலம்பட்டிக்காரர் ஒருத்தர் ரெண்டு சிட்டை வந்திருக்கு, ஒண்ணுக்குத்தானே காசு குடுத்தீகன்னு கடை வாசல்ல நிக்கிறாரு!"

ஓடினேன். அந்தப் பெரியவர் பட்டன் போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினார். 5.10-க்கு ஒரு மெசேஜ், 6.10-க்கு ஒரு மெசேஜ். அதே எடை, அதே விலை, அதே கமிஷன் கழிவு. அவர் மேல என்ன தப்பு? சிட்டைன்னா பணம். இன்னொரு பக்கம், பாதிப் பேருக்கு ஆறு மணி தாண்டித்தான் சிட்டையே வந்துச்சுன்னு சத்தம்.

லேப்டாப்பைத் திறந்து பார்த்தா ஹோஸ்டிங் (மென்பொருள் ஓடுற வாடகை சர்வர்) டேஷ்போர்டுல, பின்னால இருந்து மெசேஜ் அனுப்புற நிரலான வொர்க்கருக்கு நேரா ஜம்முனு பச்சைப் புள்ளி. எந்தக் குறையும் இல்லையாம்! நடந்ததை எல்லாம் எழுதி வைக்கிற லாக்கை (log) மேல தள்ளித் தள்ளிப் பார்த்த பிறகுதான் விஷயமே தெரிஞ்சது. சிக்டெர்ம், அதாவது 'வேலையை முடிச்சுக் கிளம்பு'ன்னு நிரலுக்கு ஒரு உத்தரவு. முப்பது செகண்ட். சிக்கில், அதாவது கேள்வியே இல்லாம நிறுத்துறது. கதை முடிஞ்சது.

நம்ம ஹோஸ்டிங் புண்ணியவான்கள் 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை எல்லாத்தையும் ரீஸ்டார்ட் பண்ணுவாங்க. பண்ணட்டும். ஆனா எப்பன்னு நாம குறிக்க முடியாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து, ஊரே தூங்குற ராத்திரி ரெண்டு மணியை எல்லாம் விட்டுட்டு, சரியா ஏலம் சூடா இருக்கிற நேரத்துல வந்து உக்காருது. வெப் பக்கம் விழுந்தா நாலு பேர் கத்துவான், உடனே தெரியும். பின்னால ஓடுற வொர்க்கர் விழுந்தா கேக்க நாதி கிடையாது. கடையில மூட்டை தூக்குற பையன்கூட லீவுன்னா முந்தின நாளே சொல்லிட்டுத்தான் போறான்.

சப்போர்ட்டுக்கு எழுதினேன். பதில் வர ரெண்டு நாள். "உங்கள் செயலி சிக்டெர்மை முறையாகக் கையாளவில்லை." முந்நூறு பேருக்கு மெசேஜ் அனுப்ப நாலு நிமிஷம் ஆகும்யா. முப்பது செகண்டுல எதைக் கையாள?

என் தப்பு இல்லாம இல்லை. முந்நூறையும் ஒரே ஜாப்பா, அதாவது ஒரே வேலையாக் கட்டினது நான்தான். ஜாப்களை வொர்க்கருக்குக் குடுக்கிற செலரியில 'ஆக்ஸ் லேட்' போட்டதும் நான்தான், அதாவது வேலை முடிஞ்ச பிறகுதான் வொர்க்கர் முடிச்சேன்னு கையெழுத்து போடும். நடுவுல செத்தா, ஜாப் வரிசையை வச்சிருக்கிற ரெடிஸ்ல அந்த ஜாப் கையெழுத்து இல்லாமக் கெடக்கும். சும்மா விட்டா ஒரு மணி நேரம் கழிச்சுத் திரும்ப வரிசைக்கு வந்து முதல்ல இருந்து ஓடும். அதான் அந்த 6.10. கையெழுத்தை முன்னாடியே போட விட்டிருந்தா பாதிப் பேருக்கு சிட்டையே போயிருக்காது. இந்தப் பக்கம் கிணறு, அந்தப் பக்கம் குழி.

இப்ப ஒரு விவசாயிக்கு ஒரு ஜாப்னு உடைச்சாச்சு. அனுப்புறதுக்கு முன்னாடி அந்த சிட்டை நம்பர் ஏற்கெனவே போயிருச்சான்னு டேட்டாபேஸ்ல பார்க்குது. இதுக்கே ரெண்டு ராத்திரி போச்சு, அதுக்கு எவன்கிட்ட பில் போட? போதாக்குறைக்கு இந்த வொர்க்கருக்குத் தனி மாச வாடகை வேற, டாலர்ல. விடியக்காலை ஒரு மணி நேரம் உழைக்கிறவனுக்கு மீதி 23 மணி நேரமும் சும்மா படுத்திருக்கக் காசு!

அவங்களை நம்பிப் பிரயோஜனமில்லைன்னு நானே தினமும் பகல் பதினொண்ணுக்குக் கையால ரீஸ்டார்ட் பண்ணிடுறேன். அப்பதான் அவங்க கடிகாரம் அங்க இருந்து எண்ண ஆரம்பிக்கும், விடியக்காலைப் பக்கம் வராது. இன்னிக்கு பெரியார் பஸ் ஸ்டாண்டுல, ஒரு கையில பருப்பு வடை, ஒரு கையில போன். எண்ணெய் விரல் பட்டு ரீஸ்டார்ட் பட்டன் ரெண்டு தடவை அமுங்கிருச்சு.