ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது

தம்பி: அக்கா, இது என்ன வீடியோ?

அக்கா: புகார் வீடியோ. பேங்க் கேட்டதே, அதுதான்.

தம்பி: இதில் பேங்க் எங்கே இருக்கிறது? ஸ்கிரீன் கண்ணாடி மாதிரி மின்னி, மேலே சுற்றுகிற ஃபேன்தான் அதில் தெரிகிறது.

அக்கா: அவர்களும் அதையேதான் சொன்னார்கள். பதில் வந்திருக்கிறது பார், படி.

தம்பி: 'தாங்கள் அனுப்பிய காணொளியில் செயலியின் திரை தெளிவாக இல்லை. மின்விசிறி தெரிகிறது. ஸ்கிரீன் ரெக்கார்டிங் அனுப்பவும்.'

அக்கா: அதையாவது சரியாகப் பார்த்தார்களே. பதினோரு வருஷத்து ஃபேன் சாமி அது. ஒரு நாள் நின்றதில்லை. அவர்கள் ஆப்பில் கணக்குப் பக்கத்தைத் தொட்டால் மூன்று எண்ணுவதற்குள் மூடிக்கொள்கிறது. நியாயப்படி ஃபேன்தான் அவர்கள்மேல் புகார் கொடுக்க வேண்டும்.

(சேலம் அம்மாபேட்டை, சாயங்காலம் ஆறு மணி. ஒரு செட் சொல்லிவிட்டு நான் வண்டியோரம் நின்றிருந்தேன். அக்காவின் தட்டுவடை செட் வண்டிக்கும் தம்பியின் செல்போன் கடைக்கும் நடுவில் ஒரு சாக்கடை மூடிதான் தூரம். அக்கா கேரட் துருவிக்கொண்டே பேசினார். தம்பி நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டான்.)

தம்பி: இதை எப்படி எடுத்தீங்க?

அக்கா: என் போனைப் பாயில் மல்லாத்தி வைத்தேன். மகள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே குனிந்து எடுத்தேன். இடுப்பு போச்சு.

தம்பி: போனை எடுக்க இன்னொரு போனா! அக்கா, ஊரே சிரிக்கும்.

அக்கா: என் முகத்தைப் பார்க்க எனக்குக் கண்ணாடி வேண்டும். போன் முகத்தைப் பார்க்க இன்னொரு போன் வேண்டாமா?

தம்பி: போன் தன்னைத்தானே எடுத்துக்கொள்ளும்.

அக்கா: அதையும் செய்தேன். ஆப்பின் முகப்பைத் திறந்து, போனைக் கண்ணாடிக்குக் காட்டிக்கொண்டு நின்றேன். எழுத்தெல்லாம் திரும்பிப் போச்சு. இருப்பு 1204 ரூபாய் கண்ணாடியில் 4021 மாதிரி இருந்தது. ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்தது.

தம்பி: ஐயோ... இந்த ஃபேன் வீடியோவில் கோடு கோடாக ஓடுகிறதே, அது ஏன் தெரியுமா? ஸ்கிரீன் ஒரு நொடிக்கு 60 தடவை தன்னைப் புதிதாக வரைந்துகொள்கிறது. கேமரா நொடிக்கு 30 படம் எடுக்கிறது, அதுவும் ஒவ்வொரு படத்தையும் மேலிருந்து கீழே வரி வரியாக. இரண்டும் தாளம் தப்பினால் கோடு ஓடும். அப்புறம் அந்த அலை அலையாக வருவது...

அக்கா: இரண்டு கொசுவலையை ஒன்றன்மேல் ஒன்று போட்டால் வருகிற அலை. ஸ்கிரீனில் ஒரு கட்டம், கேமராவில் ஒரு கட்டம். எங்கள் வீட்டுக்காரர் தறிக்காரர். இதை நீ எனக்குச் சொல்லித் தருகிறாயா?

தம்பி: ...சரி, போனைக் கொடுங்க. மேலிருந்து இரண்டு தடவை இழுங்க. வைஃபை, டார்ச் எல்லாம் கட்டம் கட்டமாக வருகிறதா? அதில் ஸ்கிரீன் ரெக்கார்டர் என்று ஒன்று இருக்கும். ஐபோனில் 2017-லேயே கொடுத்துவிட்டார்கள். ஆண்ட்ராய்டில் 2020-ல், 11-வது பதிப்போடு வந்தது.

அக்கா: 2020-லிருந்தா? அத்தனை வருஷமாக என் கைக்குள் இருந்ததை ஒருத்தரும் சொல்லவில்லை. 'குட் மார்னிங்' மட்டும் தினமும் பத்துப் பேர் அனுப்புகிறார்கள்.

தம்பி: இதோ, டார்ச் பக்கத்திலேயே இருக்கிறது பாருங்க.

அக்கா: இதுவா? இதை எனக்குத் தெரியுமே! கரண்ட் போன அன்றைக்கு டார்ச் என்று நினைத்து இதைத்தான் தொட்டேன். 3, 2, 1 என்று எண்ணியது. ஏதோ வெடிக்கப் போகிறது என்று போனைக் கீழே வைத்துவிட்டேன்.

தம்பி: அப்புறம் நிறுத்தினீங்களா?

அக்கா: எதை?

தம்பி: ...அக்கா, இங்கே ஒரு மணி நாற்பத்தேழு நிமிஷத்துக்கு ஒரு வீடியோ இருக்கிறது.

அக்கா: என்ன படம்?

தம்பி: நீங்கதான். மைக் ஆன் ஆகியிருக்கிறது. 'பல் வலிக்குக் கிராம்பு எந்தப் பக்கம் வைப்பது' என்று தேடியிருக்கீங்க. அப்புறம் நாத்தனார் ஸ்டேட்டஸை நாலு தடவை பார்த்திருக்கீங்க.

அக்கா: புதுப் புடவை. விலை தெரிகிறதா என்று பார்த்தேன்.

தம்பி: ஐம்பத்து இரண்டாவது நிமிஷத்தில் 'செல் கடைக்காரப் பையன் மறுபடி கடனுக்கு நொறுக்கல் வாங்கிக்கொண்டு போகிறான், இவனுக்கெல்லாம்...' என்று ஒரு குரல் வருகிறது.

அக்கா: அது ஃபேன் சத்தம். அழித்துவிடு.

(தம்பி அழித்தான். ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் அழித்தான். எனக்கும் கேட்டது. அக்கா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.)

தம்பி: இதனால்தான் சொல்கிறேன், எடுக்கும்போது மேலே சின்னதாகச் சிவப்பு அடையாளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மைக்கை அணைக்கலாம். 'ஷோ டச்சஸ்' போட்டால் நீங்க எங்கே தொடுகிறீங்க என்பது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். நடுவில் மெசேஜ் வந்தால் அதுவும் படத்தில் விழும், ஓ.டி.பி. உட்பட. அதனால் முதலில் 'தொந்தரவு செய்யாதே' போட்டுவிடணும்.

அக்கா: கணக்குப் பக்கம் திறக்கவில்லை என்று சொல்ல இத்தனையா? ஏற்காட்டுக்குப் போகவே இருபது கொண்டை ஊசி வளைவுதான். அதில் ஏறினாலாவது மேலே போய்க் குளிரும்.

தம்பி: நேரில் கிளைக்குப் போயிருக்கலாமே?

அக்கா: போனேன். இரண்டு பஸ் மாறிப் போனேன். ஆறு மாசக் கணக்கு அச்சடித்துக் கொடுங்க, மகளிர் குழுக் கடனுக்குக் கேட்கிறார்கள் என்றேன். 'ஆப்பில் பாருங்கம்மா' என்று சொன்னார்கள். ஆப் திறக்கவில்லை என்றேன். 'ஆப்பிலேயே புகார் கொடுங்கம்மா' என்றார்கள். கதவு திறக்கவில்லை என்றால் உள்ளே வந்து சொல் என்கிற மாதிரி.

(எந்த வங்கி என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப் போகிறது? போன மாசம் எங்கள் வீட்டுத் தண்ணீர் ஃபில்டர் ஒழுகியபோது, சொட்டுகிற சத்தம் கேட்கிற மாதிரி வீடியோ வேண்டும் என்றார்கள். மோட்டார் ஓடாத நேரம் பார்த்து, வீட்டில் எல்லோரையும் வாயை மூடச் சொல்லி எடுத்தேன். முன்பெல்லாம் பொருள் கெட்டுப்போனால் ஆள் வருவார். இப்போது கெட்டது உண்மைதான் என்று நாம் படம் எடுத்து நிரூபிக்க வேண்டும்.)

தம்பி: சரி, நானே எடுத்துத் தருகிறேன். விரலை வைங்க, லாக் திறக்கட்டும்.

அக்கா: திறக்காது. பீட்ரூட் கை. ஏழு மணிக்கு மேல்தான் என் விரல் எனக்குச் சொந்தம். நம்பரைப் போடுகிறேன், நீ அந்தப் பக்கம் திரும்பு.

தம்பி: திரும்பிவிட்டேன்... ஆச்சா? ரெக்கார்டிங் ஓடுகிறது. 3, 2, 1. இப்போது பேங்க் ஆப்பைத் திறங்க. கணக்குப் பக்கம் தொடுங்க. ஆ, மூடிக்கொண்டது! அருமை! நிறுத்தலாம். பார்த்தீங்களா, இவ்வளவுதான். அரை நிமிஷ வேலை. இதற்குப் போய்ப் பாய், மகள் போன், இடுப்பு வலி...

அக்கா: போட்டுக் காட்டு.

தம்பி: இதோ. முகப்பு பளிச்சென்று தெரிகிறதா? உங்கள் விரல் பேங்க் படத்தைத் தொடுகிறதா? அப்புறம்...

அக்கா: அப்புறம்?

தம்பி: ...

அக்கா: இருட்டாக இருக்கிறதே கண்ணு. கரண்ட் போச்சா?

தம்பி: இல்லை அக்கா. கருப்பாகத்தான் வரும் போலிருக்கிறது.

அக்கா: மேலே மணியும் சார்ஜும் தெரிகிறது. நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி மின்மினி மாதிரி ஊர்கிறது. இதைத்தான் அனுப்பணுமா? என் வீடியோவிலாவது ஃபேன் இருந்தது.

தம்பி: இது போனின் குற்றம் இல்லை. ஆப் எழுதுகிறவர்கள் அதில் ஒரு வரி சேர்த்துவிடுவார்கள். ஃபிளாக் செக்யூர் என்று பேர். 'இந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட்டிலும் ரெக்கார்டிங்கிலும் காட்டாதே' என்று போனுக்குச் சொல்கிற உத்தரவு. திருட்டு ஆப் எதாவது ஒளிந்திருந்து உங்கள் கணக்கைப் படம் பிடிக்கக் கூடாதே, அதற்குத்தான்.

அக்கா: நல்ல விஷயம்தான். அந்த வரியை எழுதினது யார்?

தம்பி: பேங்க்.

அக்கா: ரெக்கார்டிங் கேட்டது யார்?

தம்பி: பேங்க்.

அக்கா: எடுக்க முடியாதபடி பூட்டினதும் அவர்கள். எடுத்து அனுப்பு என்பதும் அவர்கள். நடுவில் சுற்றுவதற்கு நான் என்ன ஃபேனா?

(இந்த இடத்தில் நான் கையில் இருந்த செட்டைக் கீழே விட்டேன். பச்சைச் சட்னி ஒரு பக்கம், சிவப்புச் சட்னி ஒரு பக்கம் தடவி, நடுவில் வெங்காயமும் கேரட்டும் பீட்ரூட்டும் அடைத்த தட்டுவடையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க முடியாது. அக்கா ஒன்றும் சொல்லாமல் வேறொரு செட் போட்டுக் கொடுத்தார். காசு இரண்டுக்கும் வாங்கினார்.)

தம்பி: பாதுகாப்பு அக்கா. வேண்டும்தானே?

அக்கா: பாதுகாப்பைப் பற்றி நீயே சொல்லு. ஸ்கிரீனை யாருக்கும் காட்டாதே, யார் கேட்டாலும் ஷேர் பண்ணாதே, ஏமாந்தால் உதவி எண் 1930-க்கு அடி என்கிறார்கள். நானும் காட்டவில்லை. போன வாரம் ஒருத்தன் 'மேடம், உங்கள் ஸ்கிரீனைக் கொஞ்சம் காட்டுங்க, சரி செய்து தருகிறேன்' என்றான். வைத்துவிட்டேன். மறுநாள் பேங்கே 'ஸ்கிரீனைக் காட்டு' என்கிறது. திருடனுக்கும் இவர்களுக்கும் நான் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது?

தம்பி: திருடன் உடனே பேசுவான். மரியாதையாகப் பேசுவான்.

அக்கா: ஆமாம். பாட்டுப் போட்டு இருபது நிமிஷம் காக்க வைத்தால் அசல் பேங்க்.

தம்பி: ம்... இப்போது ஒரே வழிதான் இருக்கிறது.

அக்கா: என்ன வழி?

தம்பி: இன்னொரு போனால் எடுப்பது.

அக்கா: என்ன? காதில் விழவில்லை. பஸ் சத்தம்.

தம்பி: பஸ்ஸே வரவில்லை அக்கா.

அக்கா: அப்போ ஃபேன் சத்தம். மறுபடி சொல்லு.

தம்பி: போனை... இன்னொரு போனால்... எடுக்கணும்.

அக்கா: ஊரே சிரிக்குமே சாமி!

தம்பி: சிரித்தால் சிரிக்கட்டும், வாங்க. உங்கள் போனில் வெளிச்சத்தைக் கூட்டுங்க. நேர் மேலே பல்பு, ஃபேன் எதுவும் இருக்கக் கூடாது. கொஞ்சம் சாய்த்துப் பிடிங்க. என் போனில் ஸ்கிரீனைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் அதிலேயே பூட்டிக்கொள்ளும், தவ்வாது. வண்டி பல்பு அடிக்கிறது, மறைக்க எதாவது வேண்டுமே.

அக்கா: இந்தா, சட்னி மூடி.

தம்பி: இன்னும் கொஞ்சம் மேலே. அப்படியே. ஆடாதீங்க. இப்போது கணக்குப் பக்கம் தொடுங்க.

அக்கா: தொட்டுவிட்டேன்.

தம்பி: ...

அக்கா: ...

தம்பி: அக்கா, திறந்துவிட்டது.

அக்கா: என்னது?

தம்பி: ஆறு மாசக் கணக்கும் வந்துவிட்டது. பாருங்க, முழுசாக.

அக்கா: இப்போது ஏன் திறக்கிறது? பத்து நாளாக மூடினது! மூடச் சொல்லு! மூடு சாமி, ஒரே ஒரு தடவை மூடு, நீ படத்தில் இருக்கிறாய்!

தம்பி: வீடியோ எதற்கு இனிமேல்? கணக்கை டவுன்லோடு பண்ணிக்கோங்க அக்கா, சீக்கிரம்!

அக்கா: எங்கே தொடணும்?

தம்பி: அந்தக் கீழ் அம்பு. இல்லை, அது இல்லை, வலது பக்கம். மூடியைக் கீழே வையுங்க, தெரியவில்லை...

அக்கா: மூடியை வைத்தால் பல்பு அடிக்கும் என்றாயே. வைத்துவிட்டேன். இப்போது ஏதோ எழுத்து வருகிறது. படி.

தம்பி: 'பாதுகாப்புக் காரணங்களுக்காகத் தாங்கள் வெளியேற்றப்பட்டீர்கள். மீண்டும் உள்நுழையவும்.'

அக்கா: இதை வீடியோ எடுத்தாயா?

தம்பி: திறந்ததும் நிறுத்திவிட்டேன்.

(இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அக்கா பீட்ரூட் துருவினார். அவன் அவர் போனைத் துணியால் துடைத்துக்கொடுத்தான், கண்ணாடியில் சிவப்பு ரேகை ரேகையாக ஒட்டியிருந்தது. மறுபடி முயன்றார்கள். முதல் தடவை மூடிக்கொண்டது, ஆனால் அப்போது தம்பியின் போனில் இடமில்லை. இரண்டாம் தடவை இடம் இருந்தது, ஆப் மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, 'இதுவும் ஃபேன்தான்' என்றார்.)

தம்பி: நாளைக்குக் காலையில் பார்க்கலாம் அக்கா. இப்போது எனக்கு ஒரு நொறுக்கல். காரம் கூட.

அக்கா: பழைய பாக்கி?

தம்பி: சேர்த்தே அனுப்பிவிடுகிறேன். பாருங்க, பச்சை டிக் வந்துவிட்டது. போயிருக்கும்.

அக்கா: எனக்கு வரவில்லையே.

தம்பி: இதோ என் ஸ்கிரீனைப் பாருங்களேன் அக்கா!

அக்கா: காட்டினால் போதாது கண்ணு. வீடியோ எடுத்து அனுப்பு. ஃபேன் தெரியக் கூடாது.