ஆமா, பூமர் அங்கிள்தான் பேசுறேன்

முந்தாநாள் நம்ம ஊர் குரூப்ல நடந்ததைப் பாதிப் பேர் பார்த்திருப்பீங்க. பார்க்காதவங்க தேடிப் போக வேணாம், மனசுக்கு நல்லது. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. விண்டோஸ் 11-ல டாஸ்க்பாரை, அதான் அடியில ஐகானெல்லாம் வரிசையா நிக்கிற பட்டையை, ஸ்கிரீனுக்கு மேல்பக்கம் வைக்க ஏதாச்சும் வழி இருக்கா? வந்த பதில்ல பாதி சிரிப்பு எமோஜி. மீதி, "காலத்துக்கு ஏத்த மாதிரி மாறுங்க அங்கிள்." ஒரு தம்பி "பூமர் அங்கிள்"னு பட்டமே கட்டிட்டாப்ல. அதுக்கு விழுந்த லைக்கை எண்ணிப் பார்த்தேன். ஆமா, எண்ணினேன்.

ஒண்ணு சொல்லிடுறேன். எனக்குத் தெரியலைன்னு நான் சொல்லவே இல்ல. பொருளை ஏன் இடம் மாத்தி வச்சாங்கங்கிறதுதான் என் ஆதங்கம்.

மன்னார்குடியில ஸ்கேன் எடுத்து அப்ளிகேஷன் போட்டுக் கொடுக்கிற என் கடை டேபிள் எவ்வளவு அகலம்னு வந்தவங்களுக்குத் தெரியும். மானிட்டருக்கு முன்னாடி கைரேகை மெஷின், டோக்கன் நோட்டு, ஸ்டாப்ளர், டீ கிளாஸ். ஸ்கிரீனோட அடிப்பக்கம் ஒரு விரக்கடை எப்பவும் மறைஞ்சுதான் இருக்கும். அதனால வருஷக்கணக்கா டாஸ்க்பார் எனக்கு மேலதான். விண்டோஸ் 10 வரைக்கும் பிடிச்சு இழுத்தா நாலு பக்கமும் போகும். 2021-ல 11 வந்தப்போ அந்த வசதியையே தூக்கிட்டாங்க. ஐகானையெல்லாம் வேற நடுவுல கொண்டாந்து வச்சாங்க. "செட்டிங்ஸ்ல போய் இடதுபக்கம் மாத்திக்கலாம் அங்கிள்." மாத்திட்டேன் தம்பி, முத நாளே மாத்திட்டேன். நான் கேட்டது இடது இல்ல, மேல.

ரைட் கிளிக் கதை இதைவிட மோசம். போட்டோவை 50 கேபிக்குள்ள சுருக்குறதுக்கு ஒரு பழைய டூல் வச்சிருக்கேன். ரைட் கிளிக் பண்ணினா நேரா நிக்கும். இப்ப ரைட் கிளிக் பண்ணினா ஒரு குட்டி மெனு வருது. அதுல அந்த டூல் கிடையாது. அடியில "மேலும் காட்டு"ங்கிற மாதிரி ஒரு வரி, அதை அமுக்கினா பழைய மெனு அப்படியே உள்ள உட்கார்ந்திருக்கு! இருக்கிறதைத்தான் ஒளிச்சு வச்சிருக்காங்க. ஒரு நாளைக்கு நூறு போட்டோ சுருக்குறவனுக்கு நூறு கிளிக் கூட. ஷிப்ட்டையும் எஃப்10-ஐயும் சேர்த்து அமுக்கினா பழைய மெனு நேராவே வரும்னு ஒரு பொண்ணு கமென்ட்ல சொல்லிக் கொடுத்துச்சு. அத்தனை பேர்ல பதில் சொன்னது அது ஒண்ணுதான். நல்லா இரும்மா.

இந்த மெனுவோட நான் மல்லுக்கட்டினது எப்பங்கிறீங்க? நவம்பர். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்குற நேரம். வாசல் வரைக்கும் ஆளு. சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக்குனு ஆளுக்கு நாலு ஸ்கேன். ஒவ்வொண்ணுக்கும் பேர் மாத்தணும். நான் பேர் மாத்துற இடத்தைத் தேடிக்கிட்டு நிக்கிறேன், கோட்டூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருத்தர் என் கையையே பார்த்துக்கிட்டிருந்தவர், "என்ன தம்பி, மெசினு புதுசா?"ன்னார். "மெசினு பழசுதான் பெரியப்பா, உள்ளதான் புதுசு"ன்னேன். "அப்ப பழசே தேவலாமுல்ல"ன்னுட்டு வெத்தலையை மடிச்சார். அவரையும் பூமர்னு சொல்லிடுங்க.

எங்க அப்பா பொதுப்பணித்துறையில லஸ்கர். நம்ம பக்கத்துல லஸ்கர்னா யாருன்னு சொல்லத் தேவையில்லை, மத்தவங்களுக்காகச் சொல்றேன்: மதகு ஷட்டரை ஏத்தி இறக்குற ஆளு. ஜூன் 12 மேட்டூர்ல திறந்தா, தண்ணி நம்ம வாய்க்காலுக்கு வந்து சேர்ற ராத்திரி அப்பா வீட்டுல இருக்க மாட்டார். சின்னப் பையனா ஒருதரம் கூடப் போயிருக்கேன். கும்மிருட்டு, மழைத் தூறல். டார்ச் என் கையிலதான் இருந்துச்சு. அடிக்கலாமான்னு கேட்டேன். "எதுக்குடா?"ன்னார். கை நேராப் போய்க் கைப்பிடியில விழுந்துச்சு. எத்தனை சுத்து சுத்தினா எவ்வளவு தண்ணின்னு அந்தக் கைக்குத் தெரியும். அந்தக் கைப்பிடியை ஒருத்தன் பகல்ல வந்து அழகுக்காகத் தூண் மறுபக்கம் மாட்டிட்டுப் போனா, அன்னைக்கு ராத்திரி தடவுற மனுஷனைப் பார்த்து வயசாயிடுச்சுன்னு சிரிப்பீங்களா?

"கத்துக்க மனசில்லை"ங்கிறீங்கள்ல. நான் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவன். 1999-ல அரசாங்கம் தமிழ்99 கீபோர்டை அறிவிச்சுச்சு. பத்து விரலும் பழகின இடத்தை விட்டுட்டு மொத்தமாத் திரும்பக் கத்துக்கிட்டேன். ஏன்? அதுல எனக்கு லாபம் இருந்துச்சு. உயிரெழுத்து இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. "அம்மா"ன்னு அடிக்க ம-வை ரெண்டு தட்டு தட்டினா முதல் ம-வுக்குப் புள்ளி தானா விழும். மாத்தினா இப்படி மாத்தணும். விண்டோஸ்லயும் எக்ஸ்பியிலிருந்து 7, 7-லிருந்து 10, எல்லாத்துக்கும் மாறித்தான் வந்திருக்கேன். எட்டுக்கு மாறலை. 2012-ல ஸ்டார்ட் பட்டனையே காணோம்னு விட்டாங்க, மறுவருஷமே 8.1-ல பட்டனைத் திரும்ப வச்சாங்க. 11-லயும் அதே கதை. ரைட் கிளிக் மெனுவுல கட், காப்பிக்கெல்லாம் பேரில்லாம வெறும் படம் போட்டாங்க, ஜனங்க திட்டினாங்க, 2024 பதிப்புல படத்துக்குக் கீழே பேர் வந்துச்சு. ஒவ்வொரு விண்டோவையும் டாஸ்க்பார்ல தனித்தனியாக் காட்டுற வசதியை எடுத்தாங்க, 2023-ல திருப்பிக் கொடுத்தாங்க. செஞ்சவங்களே தப்புன்னு ஒத்துக்கிட்டாங்க. நம்ம குரூப்புதான் ஒத்துக்க மாட்டேங்குது.

"பாதுகாப்பு அங்கிள், 2025 அக்டோபர் 14-ஓட 10-க்கு சப்போர்ட் முடிஞ்சிடுச்சு." தெரியும். அதுக்காகத்தானே மாறினேன். ஊரான் ஆதாரும் பாஸ்புக்கும் என் மெஷின்ல இருக்கு, அந்தப் பயம் எனக்கில்லாம யாருக்கு? பூட்டைப் புதுசாப் போடு, வேணாங்கலை. வாசலைக் கொண்டுபோய்க் கொல்லைப்பக்கம் ஏன் வைக்கிற? இன்னொரு மெஷினுக்கு 11 ஏறவே ஏறாதுன்னுட்டான், பிராசசர் பழசாம். அது மூலையில கிடக்கு. அந்தச் செலவைப் பத்தி யாரும் எமோஜி போடலை.

விண்டோஸுக்குப் பதிலா "லினக்ஸ் போடுங்க"ன்னு சொன்னவருக்கு: கைரேகை மெஷினுக்கு டிரைவர் நீங்க வந்து போட்டுத் தர்றீங்களா? தந்தா டீ என் செலவு.

எங்கேயோ போயிட்டேன். விஷயம் அந்த பூமர்தான். பட்டம் கட்டின தம்பி யாருன்னு எனக்குத் தெரியும். பேர் சொல்ல மாட்டேன். இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு அப்ளிகேஷன் போட, கடைசி நாள் ராத்திரி ஷட்டர் இறக்கின பிறகு கதவைத் தட்டினியே தம்பி, சர்வர் தொங்கி தொங்கி பதினொன்றரை மணிக்கு சப்மிட் ஆனப்போ உங்க அம்மா கண்ணு கலங்கினாங்களே, அன்னைக்கு மவுஸ் பிடிச்சிருந்தது இந்த அங்கிள் கைதான். சொல்லிக் காட்டக் கூடாது. காட்டிட்டேன்.

நாளைக்கு வழக்கம்போல ஒன்பது மணிக்குக் கடை திறப்பேன். உங்க சித்தப்பா அடங்கல் ஒரிஜினலை ஸ்கேனர்லயே விட்டுட்டுப் போயிட்டார், வந்து வாங்கிக்கச் சொல்லு.