தனியாக வந்தால் நாக்ஜி கிடையாதாம்!

சியோலின் யோங்சான் ஸ்டேஷனில் கேடிஎக்ஸ் அதிவேக ரயில் ஏறி இரண்டரை மணி நேரம். தென் கொரியாவின் தென்மேற்குக் கடலோர ஊரான மொக்போ வரைக்கும் எதற்குப் போனேன்? கடல் பார்க்கவா? நாக்ஜி என்கிற நீளக்கால் ஆக்டோபஸ் தின்னத்தான்! ‘வசந்தத்தில் ஜுக்குமி (குட்டி ஆக்டோபஸ்), இலையுதிர் காலத்தில் நாக்ஜி’ என்று கொரியாக்காரர்கள் சொல்கிறார்களே என்று அக்டோபர் வரை நாக்கைக் கட்டிக்கொண்டு காத்திருந்தவன் நான்.

பக்கத்து முவான் சேற்றுக்கடலில் பிடிக்கிற சேபல் நாக்ஜிக்கு நாடு முழுக்கப் பெயர். (சேபல் என்றால் மூன்று கால் என்று நினைத்திருந்தேன். மெல்லிய கால் என்று அர்த்தமாம். எட்டும் பத்திரமாகத்தான் இருக்கின்றன.)

கடைக்குள் நுழைந்ததும் "எத்தனை பேர்?" என்றார் அந்த அம்மா. ஒரு விரலைக் காட்டினேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! ஏதோ இழவு சொல்ல வந்தவனைப் பார்ப்பது மாதிரி. "இ இன்புன்" என்று சுவரைக் காட்டினார். குறைந்தது இரண்டு பேர் சாப்பாடு சொல்ல வேண்டுமாம். உள்ளே பாதி மேசை காலி.

யொன்போதாங்குக்கு அந்த விதி என்றால் சரி, ஒத்துக்கொள்கிறேன். மேசை அடுப்பில் பெரிய சட்டி வைத்துக் கொதிக்க விடுகிற சூப் அது. கூடவே தொட்டுக்கொள்ளப் பத்துத் தட்டு வைக்கணும். ஒரு ஆளுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் ஹொரொங்குக்கு என்ன வந்தது? ஒரு நாக்ஜியை ஒரு குச்சியில் சுற்றி, மசாலா தடவிச் சுடுவதுதானே அது? ஒரு குச்சி, ஒரு நாக்ஜி, ஒரு வாய். இதில் இரண்டாவது ஆளுக்கு என்ன வேலை? குச்சியின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளவா?

சரி, இரண்டு பேர் காசை நானே கொடுக்கிறேன் என்று விலையைத் தேடினால், பச்சை நாக்ஜியைக் கொத்தித் தருகிற தாங்தாங்கிக்கு நேரே ‘சிகா’ என்று எழுதியிருக்கிறது. அன்றைய சந்தை விலையாம். தங்கம் விலையும் தினம்தான் மாறுகிறது; நகைக்கடையில் பலகையில் எழுதிப் போடுவதில்லையா? கேட்டேன். அவர் சொன்ன தொகையில் எனக்கு ஒரு வாரம் மதியச் சாப்பாடு ஓடிவிடும்.

இந்த லட்சணத்தில் சாப்பாட்டுக் கடை அம்மாவை ‘இமோ’ என்று கூப்பிட வேண்டும். இமோ என்றால் அம்மாவின் அக்கா தங்கை. எந்த ஊர்ச் சித்தி, தனியாக வந்த பிள்ளையைச் சோறு போடாமல் அனுப்புவாள்?

சியோலில் ஹொன்பாப், அதாவது தனியாகச் சாப்பிடுவது, இப்போது ரொம்பச் சாதாரணம். ராமென் நூடுல்ஸைத் தனியாகச் சாப்பிடத் தடுப்பு வைத்த கடைகூட உண்டு. இந்த நாக்ஜிக் கடைகளுக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவே இல்லை.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது உள்ளே பலகையில் கத்தி விழுகிற சத்தம், தாங்... தாங்... தாங்... அந்தச் சத்தத்தால்தான் அதற்குத் தாங்தாங்கி என்று பெயர் வந்ததாம். சத்தமாவது இலவசமாகக் கிடைத்தது.

ரயிலில் முக்கோண கிம்பாப் (கடற்பாசித் தாளில் சுற்றிய சோறு) தின்றேன். உள்ளே டூனா.